வாத்தின் காலில் ஓர் எண்: வேட்டைக்காரர் சொன்னால்தான் தெரியும் கணக்கு

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஸ்டுட்கார்ட் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் நெல் வயல்கள். அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி நிறுத்துவார்கள். சிந்திக் கிடக்கும் நெல்லைத் தேடி கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் மல்லார்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி முடிய அங்கே வேட்டைக் காலம். அந்த வட்டாரத்து வேட்டைக்காரர் ஒருவரின் அனுபவத்தை அறிய அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம், கழுத்தைப் பார்த்தால் போதும். வாத்தைப் போலக் குரல் எழுப்பும் ஊதலை ஒரு கயிற்றில் கோத்து மாட்டியிருப்பார். அதே கயிற்றில் அலுமினிய வளையங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றும் அவர் சுட்ட ஒரு வாத்தின் காலில் இருந்து கழற்றியது. சிலரிடம் இரண்டு இருக்கும், சிலரிடம் இருபது. வாழ்நாள் முழுக்க வேட்டைக்குப் போயும் ஒன்றுகூடக் கிடைக்காதவர்களும் உண்டு. ஒரே வாத்தை இரண்டு பேர் சேர்ந்து சுட்டு, அதன் காலில் வளையம் இருந்துவிட்டால், யாருக்கு என்று காசு சுண்டிப் பார்ப்பார்கள்.

வெளியாருக்கு இது வெற்றிச் சின்னம் சேர்க்கும் பழக்கமாகத்தான் தெரியும். அது பொய்யில்லை. ஆனால் வட அமெரிக்காவில் எத்தனை வாத்து இருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை சாகிறது, அடுத்த ஆண்டு ஒருவர் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்ற அரசின் கணக்கில் பெரும்பகுதி இந்த வளையங்களை நம்பித்தான் நிற்கிறது. வளையம் மாட்டுபவர் விஞ்ஞானி. அதைப் படித்துச் சொல்பவர் துப்பாக்கிக்காரர். அவர் சொல்லாமல் விட்டால் வளையம் வெறும் தகரத் துண்டு.

வளையத்தில் என்ன இருக்கிறது? அலுமினியப் பட்டை, பிளவு விட்ட வட்டம், எடை ஒரு கிராம் அளவில். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள மல்லார்டுக்கு அது ஒரு சுமையே அல்ல. அதில் எட்டு அல்லது ஒன்பது இலக்க எண் ஒன்றும், எங்கே தகவல் சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் பொறித்திருக்கும். அவ்வளவுதான். வாத்து எது, எங்கே பிடித்தது, ஆணா பெண்ணா என்ற எந்த விவரமும் அதில் கிடையாது. அதெல்லாம் மேரிலாந்து மாநிலம் லாரலில் உள்ள பறவை வளையமிடல் ஆய்வகத்தின் பதிவேட்டில், அந்த எண்ணுக்கு நேராக இருக்கும். இப்போது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கீழ் இயங்கும் இந்த ஆய்வகம் 1920-இல் தொடங்கியது. கனடாவுக்குத் தனி அலுவலகம் உண்டு, ஆனால் இரு நாடுகளும் ஒரே எண் வரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. எல்லை தாண்டும் பறவைக்கு வேறு வழியில்லை.

மாட்டுவது பெரும்பாலும் கோடையின் கடைசியில், வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன்பு. ஆழமில்லாத நீரில் கம்பி வலைக் கூண்டு வைத்து உள்ளே மக்காச்சோளத்தைக் கொட்டுவார்கள். வாத்து நீந்திக்கொண்டே குறுகலான வாய் வழியாக உள்ளே போய்விடும், திரும்ப வழி தெரியாது. காலையில் போய்ப் பிடித்து, சிறகை விரித்துப் பார்ப்பார்கள். அந்த ஆண்டில் பொரித்த குஞ்சா, வளர்ந்த வாத்தா என்பதைச் சிறகின் தேய்மானமும் இறகின் விளிம்பும் சொல்லிவிடும். அளவுக்கேற்ற ஓட்டை உள்ள இடுக்கியால் வளையத்தைக் காலில் வைத்து அழுத்த வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று சரியாகச் சேர வேண்டும். இடைவெளி விட்டால் புல்லோ நூலோ சிக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் காலை அறுக்கும். ‘கனடா வாத்து’ என்ற பெரிய இனத்துக்கு வேறு முறை. ஆண்டுக்கு ஒருமுறை பறக்கும் இறகுகள் மொத்தமாக உதிர்ந்து சில வாரங்கள் அதனால் பறக்க முடியாது. அப்போது படகிலும் கால்நடையாகவும் ஆட்டு மந்தையைப் போல ஓட்டி வந்து பட்டியில் அடைத்து வளையம் போட்டுவிடுவார்கள்.

இந்த வழக்கம் டென்மார்க்கில் பிறந்தது. விபோர்க் ஊரின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன் 1899-இல் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். வாத்துக்கு வருவோம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் கிங்ஸ்வில்லில் ஓடு செய்து விற்றுவந்தவர் ஜாக் மைனர். வேட்டைக்காரராக இருந்து பறவைக் காப்பாளராக மாறியவர். 1909 ஆகஸ்டில் ஒரு கருவாத்தின் காலில், தன் கையால் முகவரி பொறித்த வளையத்தைப் போட்டுவிட்டார். அடுத்த ஜனவரியில் தென் கரோலினாவின் ஆண்டர்சன் பகுதியில் அது சுடப்பட்டது, சுட்டவர் கடிதம் எழுதினார். பிறகு மைனர் வளையத்தின் மறுபக்கத்தில் விவிலிய வசனம் பொறிக்க ஆரம்பித்தார். ஹட்சன் விரிகுடாப் பக்கம் இனுயிட் மக்கள் சுட்ட வாத்துகளில் இந்த வளையங்கள் கிடைக்க, அவர்கள் எழுத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி மத போதகர்களிடம் கொண்டுபோனார்கள். போதகர்கள் மைனருக்குத் தகவல் அனுப்பினார்கள். மனுஷன் எதை நினைத்து வசனம் பொறித்தாரோ, வளையம் திரும்பி வர அதைவிட நல்ல உபாயம் கிடையாது.

1916-இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க ஒப்பந்தம் செய்துகொண்டன. 1918-இல் அமெரிக்காவில் அதற்குச் சட்டம் வந்தது. வேட்டைக்கு எப்போது அனுமதிப்பது, எத்தனைக்கு அனுமதிப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு மத்திய அரசின் தலையில் விழுந்தது. கையில் கணக்கு இல்லை. 1920-இல் வளையமிடல் வேலைக்குப் பொறுப்பேற்ற ஃபிரெடரிக் லிங்கன் அந்தக் கணக்கை உருவாக்கியவர். வந்து குவிந்த தகவல்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனபோது வாத்துகள் கண்டபடி பறக்கவில்லை என்பது தெரிந்தது. வடக்கு தெற்காக நான்கு பெரும் பாதைகள்: அட்லாண்டிக், மிசிசிப்பி, நடுப்பகுதி, பசிபிக். இன்றும் அமெரிக்காவின் வாத்து வேட்டை விதிகள் இந்த நான்கு பாதைகளின்படியே பிரிந்திருக்கின்றன.

லிங்கனின் இன்னொரு யோசனை 1930-இல் அச்சில் வந்தது. எளிமையானது. ஆகஸ்டில் 1000 வாத்துக்கு வளையம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குளிர்காலத்திலேயே 50 வளையம் பற்றித் தகவல் வருகிறது. அதாவது நூற்றுக்கு ஐந்து வாத்து சுடப்பட்டிருக்கிறது. நாடு முழுக்க வேட்டைக்காரர்கள் சுட்டது 5 லட்சம் என்று வேறொரு கணக்கெடுப்பு சொல்கிறது. 5 லட்சம் என்பது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து என்றால், மொத்தம் 1 கோடி வாத்து. ஒரு வாத்தைக்கூட எண்ணாமல் ஒரு கண்டத்தின் வாத்துகளை எண்ணியாயிற்று.

இங்கேதான் சிக்கல். 50 பேர் தகவல் சொன்னார்கள், சரி. வளையத்தை எடுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் எத்தனை பேர்? மூன்றில் ஒருவர்தான் சொல்கிறார் என்றால், சுடப்பட்ட வளைய வாத்து 50 அல்ல, 150. நூற்றுக்குப் பதினைந்து. அப்போது மொத்த வாத்து 1 கோடி அல்ல, வெறும் 33 லட்சம். சொல்லாமல் விட்டவர்களின் எண்ணிக்கை தெரியாவிட்டால், இல்லாத வாத்துகளை இருப்பதாக நினைத்து வேட்டைக்கு அனுமதி கொடுத்துவிடுவோம்.

இது கற்பனைக் கணக்கு அல்ல. பல பத்தாண்டுகளாக மல்லார்டு வளையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் அரசுக்குத் தெரிவிக்கப்பட்டது. அந்தக் கால வளையத்தில் இருந்தது வாஷிங்டன் என்ற முகவரி மட்டும். கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்ப வேண்டும். வேட்டை முடிந்து வீடு திரும்பியவர் எத்தனை பேர் மெனக்கெடுவார்கள்? 1990-களின் நடுவில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை வளையத்தில் பொறித்தார்கள். தகவல் சொல்பவர் விகிதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டியது. அப்புறம் இணைய முகவரி சேர்ந்தது. 2017-இல் தொலைபேசிச் சேவை நிறுத்தப்பட்டு இணையம் மட்டும் என்றாயிற்று. மக்களின் நேர்மை ஒரே ராத்திரியில் கூடிவிடவில்லை, சிரமம் குறைந்தது, அவ்வளவுதான். அரசு அலுவலகங்களில் படிவம் தயாரிப்பவர்கள் யாராவது இந்த ஒரு உதாரணத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

எழுபது என்பது எப்படித் தெரியும்? சொல்லாதவர்களை எப்படி எண்ணுவது? அதற்குத்தான் பரிசு வளையம். சில வாத்துகளின் ஒரு காலில் வழக்கமான வளையம், மறு காலில் 100 டாலர் பரிசு என்று பொறித்த இன்னொன்று. முன்பு 10, 20, 50 டாலர் என்று பல தொகைகளை வைத்துப் பார்த்ததில், தொகை ஏற ஏறத் தகவல் விகிதமும் ஏறி ஒரு கட்டத்தில் நின்றது. நூறு டாலரைக் கிட்டத்தட்ட யாருமே விடமாட்டார்கள் என்பது கணிப்பு. அப்படியானால் பரிசு வளையம் நூற்றுக்கு 12 வந்து, சாதா வளையம் நூற்றுக்கு 9 வந்தால், நான்கில் மூன்று பேர் சொல்கிறார்கள் என்று அர்த்தம். மனிதச் சோம்பலை டாலரால் அளக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

மறுபக்கத்துக் கணக்கான ‘மொத்தம் எத்தனை சுடப்பட்டது’ என்பதும் வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது. அனுமதி வாங்குபவர்களில் ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து என்ன சுட்டீர்கள் என்று கேட்கிறார்கள். இன்னும் சிலருக்கு உறை அனுப்புகிறார்கள். சுட்ட ஒவ்வொரு வாத்தின் ஒரு சிறகை வெட்டி அதில் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். குளிர்காலம் முடிந்ததும் உயிரியலாளர்கள் ஓரிடத்தில் கூடி, மேசை மேசையாகக் குவிந்த சிறகுகளை இனம், வயது, பால் என்று பிரித்து அடுக்குவார்கள். குஞ்சுச் சிறகு எத்தனை, வளர்ந்த வாத்தின் சிறகு எத்தனை என்ற விகிதம் அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி என்று காட்டும். ஆனால் அனுபவமில்லாத குஞ்சு எளிதில் ஏமாந்து, நீரில் மிதக்கவிட்ட போலி வாத்துகளிடம் வந்து இறங்கிவிடும். அதனால் சிறகுக் குவியலில் குஞ்சு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். எவ்வளவு அதிகம்? மறுபடி வளையத்திடம்தான் போக வேண்டும்: ஒரே நேரத்தில் வளையமிட்ட குஞ்சுகளிலும் வளர்ந்தவற்றிலும் எது எத்தனை மடங்கு சுடப்பட்டது என்று அது காட்டிவிடும்.

இத்தனை பாடும் ஒரு கேள்விக்காக. வேட்டை வாத்துகளை அழிக்கிறதா? பார்த்தால் இதற்கு விடை கண்முன் இருப்பது போலத் தோன்றும். ஆனால் 1976-இல் டேவிட் ஆண்டர்சனும் கென்னத் பர்ன்ஹாமும் மல்லார்டு வளையத் தகவல்களை அலசி வெளியிட்ட ஆய்வு, பலர் நம்பிவந்ததைக் கலைத்தது. விதிகள் தளர்ந்து அதிக வாத்து சுடப்பட்ட ஆண்டுகளில், மொத்தச் சாவு அதே அளவுக்கு ஏறவில்லை. குளிரிலும் பசியிலும் நோயிலும் எப்படியும் சாகவிருந்த வாத்துகளின் இடத்தைத் துப்பாக்கி எடுத்துக்கொள்கிறது, ஒரு எல்லை வரை. அந்த எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு குண்டும் கூடுதல் சாவுதான். எல்லை எங்கே என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வேட்டைக்காரர் சங்கங்கள் இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதும், எதிர்ப்பவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் காட்டுவதும் நடக்கிறது.

1995-இல் அமெரிக்க மீன், வனவுயிர்ச் சேவை இந்தச் சண்டையைத் தீர்க்காமலேயே பயன்படுத்திக்கொள்ள ஒரு வழி கண்டது. வேட்டைச் சாவு கூடுதலா ஈடா, கூட்டம் பெருகினால் இனப்பெருக்கம் பெரிதாகக் குறையுமா கொஞ்சமாகவா என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்து நான்கு கணித மாதிரிகள். ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு எத்தனை மல்லார்டு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும். 1955 முதல் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் விமானத்தில் பறந்து எடுக்கும் கணக்கோடு ஒப்பிட்டு, சரியாகச் சொன்ன மாதிரிக்கு நம்பிக்கை மதிப்பெண் கூடும், தப்பாகச் சொன்னதற்குக் குறையும். அதை வைத்து அந்த ஆண்டு விதி தளர்வாகவா, மிதமாகவா, இறுக்கமாகவா, அல்லது வேட்டையே கிடையாதா என்று தீர்மானிக்கிறார்கள். மிசிசிப்பிப் பாதையில் தளர்வான விதி என்றால் 60 நாள் வேட்டைக் காலம், ஒருவருக்கு ஒரு நாளில் ஆறு வாத்து, அதில் மல்லார்டு நான்கு, அந்த நான்கில் பெண் இரண்டுக்கு மேல் கூடாது. பெண்ணுக்கு ஏன் தனி வரம்பு என்றால், தரையில் அடைகாக்கும்போது நரிக்கும் ஸ்கங்க் என்ற சிறு விலங்குக்கும் இரையாகிப் பெண் வாத்துகள் ஏற்கெனவே அதிகம் சாகின்றன. இதையும் வளையம்தான் எண்ணிக்கையாகக் காட்டியது.

பனி வாத்து விஷயத்தில் கதை தலைகீழ். தெற்கே விரிந்த தானிய வயல்களைத் தின்று கொழுத்துப் பெருகி, ஹட்சன் விரிகுடாக் கரையின் உவர் சதுப்புகளை வேரோடு பிடுங்கித் தின்று பாலையாக்கிவிட்டது அந்தக் கூட்டம். 1999-இல் வசந்த காலத்திலும் சுடலாம், எண்ணிக்கை வரம்பு இல்லை, ஒலிபெருக்கியில் வாத்துச் சத்தம் போட்டு வரவழைக்கலாம் என்று விதிகளைத் திறந்துவிட்டார்கள். எத்தனை குறைந்தது என்று பார்க்க லிங்கனின் பழைய வாய்பாட்டை எடுத்துப் போட்டால், குளிர்காலக் கணக்கெடுப்பில் கண்ணால் எண்ணியதைவிடப் பல மடங்கு பறவைகள் இருந்தன. சுட்ட எண்ணிக்கை கூடியும், பெருகிய கூட்டத்தில் அது சிறு பங்காகவே நின்றது. எழுபது ஆண்டுக்கு முந்தைய பெருக்கல் வகுத்தல், கண்ணால் எண்ணியதைவிட உண்மையை நெருங்கிப் போய்விட்டது.

இனி வளையத்தின் குறைகள். முதல் குறை உலோகம். அலுமினியம் சேற்றிலும் மணலிலும் தேய்ந்து காகிதம் போலாகும். எண் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் அமிலத்தில் தோய்த்து எழுத்தை மீட்டுத் தருவார்கள். முற்றிலும் தேய்ந்து விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உயிரோடு திரியும் கிழட்டு வாத்து கணக்கில் செத்ததாகிவிடும். அதையும் மீறிச் சில தப்பி வரும்: 1981-இல் லூசியானாவில் வளையமிட்ட ஒரு மல்லார்டு 2008-இல் ஆர்க்கன்சாவில் சுடப்பட்டபோது அதற்கு 27 வயதுக்கு மேல். 1969-இல் ஒஹாயோவில் வளையமிட்ட கனடா வாத்து ஒன்று 2001-இல் ஒன்டாரியோவில் சுடப்பட்டது, வயது 33.

இரண்டாவது குறை மனித ஆசை. லிங்கனின் கணக்கு முழுவதும் ஒரு அனுமானத்தில் நிற்கிறது: வளையம் போட்ட வாத்தும் போடாத வாத்தும் சுடப்படும் வாய்ப்பு சமம். பறந்து போகும் மல்லார்டின் காலில் வளையம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, எனவே அங்கே பெரிய பாதகமில்லை. கனடா வாத்து அப்படியல்ல. பெரிய உடம்பு, மெதுவான இறக்கம், கால்களைத் தொங்கப் போட்டபடி வரும். தொலைநோக்கியில் காலைப் பார்த்துவிட்டு ‘அதைச் சுடு’ என்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்காகக் கழுத்தில் மாட்டிய நிறப் பட்டைகளின் நிலைமை இன்னும் மோசம், தூரத்திலிருந்தே தெரியும். பட்டை போட்ட வாத்துகள் மற்றவற்றைவிட அதிகம் சுடப்பட்டதை ஆய்வுகள் காட்டின, அந்தத் தகவல்களைத் திருத்தாமல் பயன்படுத்த முடியாத நிலை. இணையத்தில் வளையங்கள் ஏலத்துக்கும் வருகின்றன. ஒரு வாத்தையும் சுடாமலே கழுத்து நிறைய மாட்டிக்கொள்ளலாம்.

ஆனாலும் இந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகவல் சொன்னவருக்கு ஆய்வகம் ஒரு பாராட்டுச் சான்றிதழ் தருகிறது: உங்கள் வாத்து இன்ன இடத்தில், இன்ன தேதியில், இன்ன வயதில் வளையமிடப்பட்டது என்று. வளையத்தையும் அவரே வைத்துக்கொள்ளலாம். கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளியின் எந்தக் குட்டையிலிருந்து தன் வாத்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் பெரும்பாலோரை இணையப் படிவத்தை நிரப்ப வைக்கிறது. வளையத்தைத் திருப்பி அனுப்பினால்தான் ஆயிற்று என்று சொல்லியிருந்தால் எழுபது சதவீதத்தைக் கனவிலும் பார்த்திருக்க முடியாது.

வேட்டையே இல்லாத பறவைகளின் நிலை என்ன? பாடும் சிறு பறவைகளுக்கு வளையம் போட்டால் நூறில் ஒன்றுகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. புதரில் செத்து விழுந்ததை யார் பார்ப்பார்கள்? வட அமெரிக்காவில் 1960 முதல் 6 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் வளையமிடப்பட்டும், வாத்துக்கு இருக்கும் துல்லியமான கணக்கு சிட்டுகளுக்கு இல்லை. அதிகம் சுடப்படும் பறவைதான் அதிகம் தெரிந்த பறவை.

இந்தியாவின் அனுபவமும் இதற்குச் சாட்சி. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்ட பரத்பூர் ஏரியில், பின்னாளில் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வாத்துகளுக்கு வளையம் போட்டது. அவற்றில் பல வளையங்கள் திரும்பக் கிடைத்தது சோவியத் வேட்டைக்காரர்களிடமிருந்து. நம்மூர் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் எங்கே கோடையைக் கழிக்கின்றன என்பதற்கு அவர்களின் துப்பாக்கிகள் ஆதாரம் தந்தன. நம் கோடியக்கரையிலும் இதே கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. அங்கே மாட்டப்படுவதில் பெரும்பகுதி உள்ளான் வகைகள். அவற்றைச் சுட்டுத் தகவல் சொல்ல ஆளில்லை. அதனால் இப்போது காலில் எழுத்துப் பொறித்த நிறக் கொடியையும் மாட்டுகிறார்கள். கேமராவோடு வரும் பறவை ஆர்வலர் உப்பளத்துக் கரையில் நின்று அந்த எழுத்தைப் படித்துவிடலாம், பறவை சாக வேண்டியதில்லை, ஒரே பறவையைப் பல முறையும் பதிவு செய்யலாம். ஆனால் கேமராக்காரர்கள் போகும் இடங்களில் மட்டும்தான் அந்தப் பறவை இருந்ததாகப் பதிவாகும். ஆர்க்கன்சாவில் துப்பாக்கிக்கு இருக்கும் அதே குறை.